மருத்துவ அறிஞர் சுப்பாராவ்

கோதாவரியாறு வளஞ்செய்யும் சமவெளியில் பீமவரம் என்றோர் ஊர் உளது. அந்நாளில் அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் எல்லப்பிரகட சுப்பாராவ் பிறந்தார். இளமையில் அவர் கல்வியிற் சிறந்தவர் எனப் பெயர் பெற்றாரல்லர். மெட்ரிக்குலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று மூன்றாம் முறையே தேறினார். தேர்வில் தவறிய மாணவர்க்கு இச்செய்தி ஆறுதலாகலாம்.

பின்னர் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராலாகிய அறுவை மருத்துவ உடையை அணிந்தார். ஆங்கிலப் பேராசிரியர் அது கண்டு சினங்கொண்டார். எழுத்துத் தேர்வில் நன்கு விடையளித்திருந்தும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. ஆதலால் ஆயுர்வேதக் கல்லூரியொன்றில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

அவர் நெஞ்சை விட்டகலாத துயரொன்று இருந்தது. உடன்பிறந்தார் இருவர் ஸ்புரூ என்னும் கழிச்சல் நோய்க்கு அடுத்தடுத்து இரையாயினர். அந்நோய்க்கு அந்நாளில் தக்க மருந்து இல்லை. மருந்து காணும் வேட்கையே அவரைக் கடல் கடந்து செலுத்தியது எனலாம். 1923-இல் மனைவியாரை ஊரில் விட்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். மீண்டும் அவர் தாய்நாடு திரும்பவேயில்லை. பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பயின்று, இரவில் மருத்துவமனையொன்றிற் கடைநிலை ஊழியராக உழைத்தார். ஃபிஸ்கே என்னும் அறிஞருடன் சேர்ந்து, இரத்தத்திலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். தசைகள் இயங்குதற்கு ஆற்றல் தரும் பொருள்களையும் அவ்விருவரும் ஆராய்ந்தறிந்தனர்.

1940-இல் சுப்பாராவ் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார். அங்கே அவர்தம் குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தைச் செயற்கையாக ஆக்கினர். உடன்பிறந்தார் உயிர் குடித்த ஸ்புரூ நோயை அது தணித்தது. எனினும் அச்சத்தின் வரலாறு அவ்வளவில் முடியவில்லை.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் நோயியல் அறிஞர் பணிபுரிந்தார். இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சில வாரங்களில் அல்லது சில திங்களில் மடிவதை அவர் கண்டு வருந்தினார். ஃபோலிக் அமிலத்தோடு தொடர்புடைய மருந்துகளை நன்மை பயக்குமென்று நம்பி அக்குழந்தைகட்குக் கொடுத்தார். அந்தோ! நோய் தணிவதற்கு மாறாக விரைந்து பெருகியது. கொடுத்த மருந்தே நோய்க்கு உரமாயிற்று.

இத்தவற்றைக் கண்டு அவர் ஒதுங்கிவிடவில்லை. உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அதனைத் தடுத்தால் புற்றணுக்களின் பெருக்கமும் தடைப்படுமன்றோ? சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போன்றே தோன்றி, அதன் தொழிலைச் செய்யாத பொருள்களை ஆக்கித் தந்தனர். நெல்லைப்போல் தோன்றும் பதரை விதைத்தால் பயிர் முளைக்குமோ? அப்பொருள்களைக் கொண்ட உயிரணுவும் அவ்வாறே பெருகமாட்டாமல் நின்றது. அவற்றுள் ஒன்றே அமினோப்டெரின்.

ஃபார்பர் அதனைக் கடுநோயுற்ற 16 குழந்தைகட்குக் கொடுத்தார். 10 குழந்தைகளிடம் நலம் காணப்பட்டது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது, இரத்தம் தெளிவுற்றது. அந்நலம் நிலைக்கவில்லை, நோய் மீண்டும் தலைகாட்டிற்று. மருந்தும் வாய்ப்புண் முதலிய துன்பங்களை விளைத்தது. ஃபார்பர் இவற்றுள் எதனையும் மறைக்காமல், 1948 சூன் திங்களில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டார். கட்டுரையாசிரியர் ஐவருள் சுப்பாராவ் இல்லை.

அவர் அதன்பின் நெடுநாள் வாழவுமில்லை. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே உருவான மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து, பின்னாளில் அமினோப்டெரினின் இடத்தைப் பெற்றது. பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப்படும் அது, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும், லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் வகைகள் சிலவற்றிற்கும் இன்றளவும் பயன்படுகின்றது. நன்கு அமைந்த மருத்துவமனைகளில், குழந்தைகட்கு மிகுதியாக வரும் வகை இரத்தப் புற்றுநோயுற்ற பதின்மருள் ஏறத்தாழ ஒன்பதின்மர் இப்போது பிழைக்கின்றனர்.