அக்னஸ் பொக்கல்ஸ் (1862 - 1935)

மாணவர்களே, எண்ணெய் படிந்த பாத்திரம் கழுவும் நீரை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அந்நீரைப் பார்த்தே ஆய்வில் இறங்கியவர் அக்னஸ் பொக்கல்ஸ்.

வெனிஸ் நகரில் பிறந்த இவர் ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தார். விஞ்ஞானத்தில் ஆர்வம் இருந்தும், அக்காலத்தில் அங்கு பெண்களுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பராமரித்தபடியே, தம்பி மூலம் பெற்ற பௌதிகவியல் நூல்களைக் கற்றார்.

தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, குறுக்கே ஒரு தகரக் கீலத்தை வைத்து நகர்த்தினார். நீரின்மேல் படர்ந்த எண்ணெய்ப் படலம் ஒடுங்கும்போது பரப்பிழுவிசை எவ்வாறு மாறுகிறது எனத் தராசினால் அளந்தார். 1891 இல் இம்முடிவுகளை ஆங்கிலேய விஞ்ஞானி ரேலி பிரபுவுக்கு எழுதினார். அவரது முயற்சியால் அக்கடிதம் "நேச்சர்" சஞ்சிகையில் வெளியானது.

அமெரிக்கரான லாங்மியர் இத்தகைய தொட்டியைத் திருத்தியமைத்து, 1917 இல் ஓர் உண்மையை விளக்கினார். கொழுப்பமில மூலக்கூறுகளின் ஒரு முனை நீரை நாடும்; மறுமுனை விலகி நிற்கும். இதனால் அவை தாமாகவே ஒரு மூலக்கூறுத் தடிப்புள்ள படலமாக ஒழுங்கமைகின்றன. இதுபோல் தாமாக ஒருங்கமையும் மென்மையான பதார்த்தங்கள் இன்று கலாநிதிப் பட்ட ஆய்வுகளுக்கும் பொருளாகின்றன.

பரப்பு இரசாயனவியலுக்காக லாங்மியர் நோபல் பரிசு பெற்ற 1932 ஆம் ஆண்டிலேயே, பட்டப்படிப்பே கிட்டாத பொக்கல்ஸுக்குப் பிரவுன்ஷ்வைக் தொழினுட்ப உயர்கல்வி நிறுவனம் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. வசதியில்லை என்று சோர்வடையும் வேளையில் அந்தத் தகரத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.