வழியைச் சுருக்கிய மேதை: சீனிவாச இராமானுஜன்

உத்திரமேரூர் மக்களுக்குப் படிமுறை என்பது புதிதன்று. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலை முறைப்பட வகுத்துரைக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்தல், தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதுதல், குடத்துள் இடுதல், சபையோர் முன்னிலையில் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்தல் என ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த கட்டளைகள் அவை. இன்று கணினியியலார் அல்காரிதம் என வழங்குவதும் இத்தகைய படிமுறையையே. படிமுறை சரியான விடை தந்தால் மட்டும் போதாது. எத்தனை படிகளில் தருகிறது என்பதும் கருதப்படும். அதனை ஆராய்வது கணிப்புச் சிக்கலியல். 1960களில் தனித்துறையாக உருப்பெற்ற அவ்வியலுக்கு, அதற்கு நாற்பதாண்டுகள் முன்னரே மறைந்த தமிழ்நாட்டு மேதை ஒருவர் இன்றும் துணைநிற்கிறார். அவரே சீனிவாச இராமானுஜன்.

இளமையும் இடர்களும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் துணிக்கடை ஒன்றில் கணக்கர், தாயார் கோமளத்தம்மாள். பாட்டனார் நீதிமன்றப் பணியின் பொருட்டுக் காஞ்சிபுரத்தில் வாழ்ந்தமையால், இளமையில் சில காலம் இராமானுஜனும் அங்கு வளர்ந்தார். பின்னர்க் கும்பகோணம் திரும்பி நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். அங்கே கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஏறத்தாழ ஐயாயிரம் முடிபுகளை மிகக் குறைந்த விளக்கத்துடன் அடுக்கிச் செல்லும் அந்நூலே அவருக்கு ஆசானாயிற்று.

1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் அக்கல்லூரியில் தமிழ் பயிற்றி, சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றது அதற்கு முந்தைய ஆண்டுதான். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிய இராமானுஜன் பிற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்ச்சி கிட்டவில்லை. 1909இல் ஜானகியம்மாளை மணந்தார். தாள் வாங்கப் பொருளின்மையால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார். வறுமை அழித்த அந்த இடைப்படிகள் அறிஞர் உலகத்தைப் பல்லாண்டுகள் உழைக்க வைத்தன.

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய மடல் அவர் வாழ்வை மாற்றியது. 1914 மார்ச்சில் கப்பலேறினார்.

சுருக்கு வழிகள்

அவ்வாண்டிலேயே, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய பை பற்றிய கட்டுரையை வெளியிட்டார். கேரளத்து மாதவர் கண்ட புகழ்பெற்ற எளிய தொடரில், இரண்டு தசம இலக்கங்கள் சரியாக நிலைபெறவே நூற்றுக்கணக்கான உறுப்புகளைக் கூட்டவேண்டும். இராமானுஜன் தந்த தொடர் ஒன்றிலோ ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைத் தருகிறது. 1985இல் கோஸ்பர் அத்தொடரைக் கொண்டு 1 கோடியே 70 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்களைக் கணினியில் கணித்தார். அதே நெறியில் சுட்னோவ்ஸ்கி உடன்பிறப்பினர் அமைத்த தொடரால் 2022இல் 100 இலட்சம் கோடி இலக்கங்கள் கணிக்கப்பெற்றன.

இரண்டாவது, எண் பிரிவினை. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 10க்கு 42 வகைகள், 100க்கு 19,05,69,292. மக்மேகன் என்னும் அறிஞர், முந்தைய விடைகளைக் கொண்டு அடுத்ததைக் காணும் முறையில், 200 வரை படிப்படியாகக் கையால் கணித்தார். 200க்கு அவர் கண்ட விடை 39,72,99,90,29,388. ஹார்டியும் இராமானுஜனும் 1918இல் வெளியிட்ட வாய்பாடோ இடைப்பட்ட எண்களைத் தொடாமல் நேரே 200ஐ அடைந்தது. எட்டே உறுப்புகளைக் கூட்டியபோது, உண்மை விடைக்கும் அதற்கும் வேறுபாடு 0.004 மட்டுமே. படிகளை எண்ணும் இயல் தோன்றுமுன்பே படிகளைக் குறைத்துக் காட்டிய செயல் இது.

மூன்றாவது அவரே எதிர்பாராத பயன். 1916இல் அவர் கூறிய ஊகம் ஒன்றை 1974இல் டெலிஞ் மெய்ப்பித்தார். அத்தகைய முடிபுகளின் துணையால் 1988இல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னக் ஆகிய மூவர், குறைந்த இணைப்புகளாலேயே எல்லாப் புள்ளிகளையும் நெருங்கப் பிணைக்கும் வலைகளை அமைத்து, அவற்றுக்கு இராமானுஜன் பெயரையே சூட்டினர். குடவோலை போலத் தற்செயலை நம்பும் படிமுறைகளில் அத்தேவையைக் குறைக்கவும், செய்திப் பரிமாற்றப் பிழைகளைத் திருத்தவும் இவ்வகை வலைகள் பயன்படுகின்றன.

மறைவும் மீட்பும்

1918இல் இராயல் சொசைட்டி உறுப்பினரான இராமானுஜன், நோயுற்று 1919இல் தாயகம் திரும்பினார். படுக்கையிலும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் அகவையில் மறைந்தார். அவ்விறுதித் தாள்கள் கைமாறி, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1976இல் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அவற்றைக் கண்டெடுத்தார். பழைய குறிப்பேடுகளில் மெய்ப்பின்றி நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிபுகளை ஆராய்ந்து நிறுவிய ஐந்து தொகுதிகளைப் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை வெளியிட்டார். ஒருவர் கற்பலகையில் அழித்த படிகளை மீண்டும் எழுத இத்தனை பேர் வேண்டியிருந்தது.

ஏடுகளைத் தேடித் தமிழை மீட்டவர் பயிற்றிய கல்லூரியிலேயே பயின்றவரின் ஏடுகளும், தேடியோராலேயே மீண்டன. தேர்வில் தோற்ற இளைஞனின் தாளை அலட்சியம் செய்யாமை நம் போன்ற ஆசிரியர்க்குக் கடன். கவிதையின் இறுதி வடிவை மட்டும் காத்து, அடித்துத் திருத்திய படிகளைக் கிழித்தெறியும் வழக்கம் நம் கவிஞரிடையே உண்டு. பத்தாண்டு நிறைவெய்தும் நம் வட்டம், உறுப்பினரின் கையெழுத்துப் படிகளையும் தொகுத்துக் காக்கத் தொடங்குமாயின், அது இம்மலரினும் நீண்டு பயன்தரும்.