வழித்தடைகளை அகற்றிய சகோதரி

நுழையும்முன்

பள்ளிக்கு வரும் பிள்ளை தன் வீட்டின் கவலைகளையும் உடன் சுமந்தே வருகிறது. பசி, பயணத்தொலைவு, உறவினரின் ஏச்சு, ஊராரின் பழிச்சொல் ஆகியவை வகுப்பறையின் வாயிலில் நின்றுவிடுவதில்லை. இவற்றை அறிந்து மாணவருக்குத் துணைநிற்பதற்காக இன்று பல பள்ளிகளில் ஆலோசகர்கள் இருக்கின்றனர். அத்தகைய பதவிகளும் பெயர்களும் தோன்றாத காலத்தில் அப்பணியைத் தம் வாழ்நாள் கடமையாக ஏற்ற ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

இளமையும் இழப்பும்

சுப்பலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் பொறியாளர், தாயார் விசாலாட்சி. ஒன்பதாம் வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய சுப்பலட்சுமி, செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார்.

அக்கால வழக்கப்படி அவருக்கு இளம்வயதிலேயே திருமணம் நடந்தது. சிறிது காலத்திற்குள் கணவர் இறந்தார். விளையாட்டுப் பருவம் கடவாத சிறுமி, கைம்பெண் எனப்பட்டாள். அந்நாளில் அச்சொல் ஒரு பெண்ணின் வாழ்வையே மூடிவிடும். கைம்பெண்கள் பலருக்குத் தலைமுடி களையப்பட்டது. வண்ண ஆடை மறுக்கப்பட்டது. மங்கல நிகழ்ச்சிகளில் இடமில்லை. எதிரே வந்தால் தீய சகுனம் என்று கருதி ஒதுங்கிச் சென்றோரும் உண்டு.

சுப்பலட்சுமியின் பெற்றோர் மகளை இருட்டறையில் முடக்க மனம் ஒப்பவில்லை. தந்தையார் வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். பின்னர்க் கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். அங்குத் தம்மையே பிறர்க்கு அளித்து வாழ்ந்த கன்னியரின் தொண்டு அவர் உள்ளத்தில் பதிந்தது. 1911ஆம் ஆண்டு மாநிலக் கல்லூரியில் படித்து இளங்கலைப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவரே.

நான்கு மாணவியர், ஓர் இல்லம்

தமக்குக் கிடைத்த வாய்ப்பு தம்மையொத்த பிற சிறுமியர்க்குக் கிடைக்கவில்லை என்பதைச் சுப்பலட்சுமி மறக்கவில்லை. அப்போது பெண்பள்ளிகளுக்குப் பெண் ஆசிரியர்கள் போதிய அளவில் இல்லை. ஆண் ஆசிரியர்களிடம் பெண்களை அனுப்பப் பெற்றோர் பலர் தயங்கினர். இளங்கைம்பெண்களை ஆசிரியர்களாக உருவாக்கினால் இரண்டு குறைகளும் ஒருங்கே தீரும் என்று அவர் கருதினார். அவர்களுக்கு மதிப்பான வாழ்வு கிடைக்கும். ஊர்ப் பெண்குழந்தைகளுக்கு ஆசிரியர் கிடைப்பார். பெண்கல்வி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையார் இத்திட்டத்திற்கு உறுதுணையானார்.

எழும்பூரில் தம் குடும்பத்தார் வாழ்ந்த வீட்டிலேயே நான்கு மாணவியருடன் பணியைத் தொடங்கினார். தாமும் கைம்பெண்ணான சித்தி வாலாம்பாள் இல்லப் பொறுப்பில் துணைநின்றார். 1912ஆம் ஆண்டு சாரதா மகளிர் சங்கம் உருவாயிற்று.

இங்கே ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சிறுமியர்க்குப் பள்ளியில் இடம் வாங்கித் தருவதோடு சுப்பலட்சுமி நின்றிருக்கலாம். ஆனால், அவர்கள் எங்கே தங்குவர்? யார் உணவளிப்பர்? தாயை நினைத்து இரவில் அழுதால் யார் தேற்றுவர்? விடுபட்ட படிப்பை யார் ஈடுசெய்வர்? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் கல்வி நிலைபெறாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆகவே பள்ளிக்குச் செல்லும் வழியில் கிடந்த தடைகளை ஒவ்வொன்றாக அகற்ற முற்பட்டார். மாணவியர் அவரைச் சகோதரி என்றே அழைத்தனர். அப்பெயரே நிலைத்தது.

ஐஸ் ஹவுஸ்

மாணவியர் தொகை பெருகப் பெருக வீடு போதவில்லை. சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்னும் பெரிய கட்டடம் இருந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிப்பதற்காக 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது அது. 1897ஆம் ஆண்டு சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கியிருந்தார். அக்கட்டடத்தை 1917ஆம் ஆண்டு அரசு ஏற்று, கைம்பெண் மாணவியரின் விடுதியாக்கியது. வீட்டில் மூலையே இடம் என்றிருந்த சிறுமியர், கடற்காற்று வீசும் மாடங்களில் பாடம் படித்தனர். இன்று அக்கட்டடம் விவேகானந்தர் இல்லம் என்று வழங்குகிறது.

1922ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது, அதன் தலைமைப் பொறுப்பைச் சுப்பலட்சுமி ஏற்றார். கல்வியிழந்து வந்த பெண்கள் அங்கே பயிற்சி பெற்றுக் கல்வி வழங்கும் ஆசிரியராக வெளியேறினர்.

எதிர்ப்பும் எல்லையும்

இப்பணி எளிதாக நடைபெறவில்லை. கைம்பெண்களைப் படிக்க வைப்பது மரபைக் கெடுக்கும் என்று பழமைவாதிகள் பழித்தனர். அவர்களுடைய ஐயத்தைத் தணித்தால்தான் பெற்றோர் பெண்களை அனுப்புவர் என்பதால், விடுதியில் உணவு முதலியவற்றில் அச்சமூகத்தின் ஆசாரங்களைச் சுப்பலட்சுமி கடைப்பிடித்தார். அவ்விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. எத்தனையோ சமூகத்துப் பெண்கள் அவ்வாயிலுக்கு வெளியே நின்றனர் என்பதையும் நாம் மறைத்தல் தகாது. 1930ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கியபோது, பிற விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட பெண்களுக்கு அடைக்கலம் கிடைத்தது.

சுப்பலட்சுமியும் தம் பணியின் எல்லையை விரித்துக்கொண்டே சென்றார். வயது கடந்த பெண்களுக்கு அரசு விடுதியில் இடமில்லை என்பதை அறிந்து, அவர்களும் பயிலும் பொருட்டு 1927ஆம் ஆண்டு சாரதா வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். குப்பத்தில் வாழ்ந்த ஏழை எளியோருக்காகவும் பள்ளி அமைத்தார். குழந்தை மணத்தின் கொடுமையைத் தம் வாழ்விலேயே கண்டவராதலால், அதைத் தடுக்கும் சட்டத்திற்கு ஆதரவு திரட்டினார். தடையுற்ற மாணவிக்கு உதவுவதோடு, அத்தடை தோன்றும் இடத்தையே அடைக்க வேண்டும் என்பது அவர் கண்ட நெறி.

தொண்டரை உருவாக்கியவர்

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஓயவில்லை. மயிலாப்பூரில் வயது வந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் அமைத்தார். சமூகப் பணியாளர்க்குப் பயிற்சியளிக்கவும் வழிசெய்தார். அன்புள்ளம் இருந்தால் மட்டும் போதாது. துன்புறுவோர்க்கு உதவும் முறையையும் கற்க வேண்டும் என்பதை இம்முயற்சி உணர்த்துகிறது. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்டமேலவை உறுப்பினராக இருந்தார். 1954ஆம் ஆண்டு தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் மகளிர், குழந்தைகள் நல மையம் அமைய உதவினார். 1958ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் அவர் மறைந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

மாணவர்களே! உங்கள் வகுப்பிலும் சில நாள்களாகப் பேசாமல் ஒதுங்கி இருக்கும் தோழர் இருக்கலாம். அடிக்கடி விடுப்பெடுக்கும் தோழி இருக்கலாம். பெற்றோரின் பணிமாற்றத்தால் மொழி தெரியாத ஊருக்கு வந்து திகைத்திருப்பவரும் இருக்கலாம். அவர்களைச் சோம்பேறி என்றோ கருவம் கொண்டவர் என்றோ முடிவு கட்டுவது எளிது. காரணம் என்னவென்று பரிவோடு கேட்பது அரிது. அருகில் அமருங்கள், பேசுவதைப் பொறுமையாகக் கேளுங்கள். உங்களால் தீர்க்க இயலாத துன்பமாயின் ஆசிரியரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கே அத்துன்பம் நேர்ந்தால் தயங்காமல் சொல்லுங்கள். உதவி கேட்பது இழிவன்று. நான்கு சிறுமியர்க்காகத் திறந்த ஒரு வீட்டுக்கதவுதான் பல நூறு ஆசிரியர்களை உருவாக்கிற்று.

சொற்பொருள்

கைம்பெண் – கணவனை இழந்தவள்
ஒருங்கே – ஒரே நேரத்தில்
ஆசாரம் – வழிவழி வந்த ஒழுக்கமுறை
அடைக்கலம் – புகலிடம்
கருவம் – செருக்கு
பரிவு – இரக்கம்

பயிற்சி

1. இளங்கைம்பெண்களை ஆசிரியர்களாக உருவாக்குவதால் தீரும் இரண்டு குறைகள் யாவை?
2. பள்ளியில் இடம் பெற்றுத் தருவது மட்டும் போதாது என்று சுப்பலட்சுமி கருதியது ஏன்?
3. ஐஸ் ஹவுஸ் கட்டடத்தின் வரலாற்றை ஐந்து வரிகளில் எழுதுக.
4. பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுவதற்காகச் சுப்பலட்சுமி ஆசாரங்களைக் கடைப்பிடித்தது சரியா? இரு பக்கக் கருத்துகளையும் எழுதி, உம் முடிவைக் கூறுக.
5. செயல்பாடு: உம் பள்ளிக்குப் புதிதாக வரும் மாணவர் எதிர்கொள்ளும் இடர்கள் மூன்றனைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் வகுப்பினர் செய்யத்தக்க உதவியைக் குழுவாகக் கலந்துரையாடி எழுதுக.