படிப்பு நின்றது... பயணம் நிற்கவில்லை!

டிப்ளமோ மாணவர் மலரில் சினிமாக்காரருக்கு என்ன வேலை என்று கேட்காதீங்க. எமரிக் பிரஸ்பர்கர் நம்ம ஆள்தான். இன்ஜினியரிங் படிக்கப் போனவர்!

1902-ல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பிராகிலும் ஸ்டட்கார்ட்டிலும் கணிதமும் பொறியியலும் படித்தார். அப்பா இறந்ததும் படிப்பு பாதியிலேயே நின்றுபோச்சு. பெர்லினில் வறுமையோடு போராடி, கதை எழுதி, யூஃபா படக் கம்பெனியில் சேர்ந்தார். 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அந்தப் பிழைப்பும் போச்சு. பாரிஸுக்குத் தப்பினார். 1935-ல் இங்கிலாந்து. புது ஊர், புது பாஷை. ஆனால் பாருங்கள், அந்த ஆங்கிலப் படத்துக்கே கதை எழுதி ஆஸ்கார் வாங்கினார்! பெற்ற தாயையோ ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பறிகொடுத்தார்.

இயக்குநர் மைக்கேல் பவலோடு கூட்டுச் சேர்ந்து 1945-ல் அவர் தந்த படம்தான் 'ஐ நோ வேர் ஐ'ம் கோயிங்'. ஜோன் என்ற பெண் ஒரு கோடீஸ்வரரை மணக்க ஸ்காட்லாந்துத் தீவுக்குக் கிளம்புகிறாள். புயல் அவளை இக்கரையிலேயே நிறுத்திவிடுகிறது. அங்கே டார்க்வில் என்ற கடற்படை அதிகாரியைப் பார்க்கிறாள். அந்தத் தீவே அவனுடையதுதான்; கையில்தான் காசில்லை! மனசு மாறிவிடுமோ என்று பயந்து, 20 பவுண்டு கொடுத்து ஒரு இளைஞனைப் படகு எடுக்க வைக்கிறாள். அவனுக்கோ அந்தப் பணம் இருந்தால்தான் படகில் பங்கு வாங்கிக் கல்யாணம் முடிக்கலாம். டார்க்விலும் கூடவே ஏறிக்கொள்கிறான். நடுக்கடலில் கல்யாண உடுப்பு அலையோடு போகிறது. கோரிவ்ரெக்கன் நீர்ச்சுழலுக்குப் பக்கத்தில் இன்ஜின் நின்றுவிடுகிறது. கடைசி நிமிஷத்தில் அதைச் சரிபண்ணித்தான் தப்பிக்கிறார்கள். முடிவில் அவள் தேடிப் போவது கோடீஸ்வரரை அல்ல!

கையில் காசில்லாதது வேறு, ஏழையாக இருப்பது வேறு என்பதைப் படம் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. பணமில்லாமல் அலைந்தவர் எழுதியதால்தான் அது எனக்கு வெறும் வசனமாகப் படவில்லை. எனக்கும் அப்பா இல்லை. அண்ணன் சம்பளத்தில்தான் என் செமஸ்டர் ஃபீஸ். மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்று இன்னும் முடிவாகவில்லை. எது ஆனாலும் நான் ஏழை இல்லை என்ற தைரியம் மட்டும் வந்திருக்கு.

1988-ல் மறைந்த பிரஸ்பர்கர் கடைசிவரை இன்ஜினியர் ஆகவில்லை. ஆனால் போகும் வழியை அவரே வரைந்துகொண்டார். வரைவது நமக்கும் தெரிந்த தொழில்தானே, தோழர்களே!