உமறு வாழ்ந்த மண்ணும் உவைஸ் கண்ட துறையும்

புதூர்ப் பக்கத்துக் கரிசல் நிலம் மானாவாரி நிலம். வடகிழக்குப் பருவமழையை நம்பி மல்லியும் மிளகாயும் உளுந்தும் விளையும் இந்நிலத்திலேதான் உமறுப்புலவர் வாழ்ந்தார். அவர் நம் புதூருக்கு அண்மையிலுள்ள நாகலாபுரத்திற் பிறந்தார் என்பாரும் உளர். எட்டயபுரம் அரசவையிற் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்று, 5027 விருத்தங்களாலான சீறாப்புராணத்தை அவர் யாத்தளித்ததை நாம் அறிவோம். அப்பெயர் கடல் கடந்து ஓர் ஆய்வாளரை உருவாக்கிய வரலாற்றை நம் மாணவருட் பலர் அறியார். அது பற்றியே ஈண்டு எழுதுகின்றோம்.

இலங்கையில் பாணந்துறையைச் சார்ந்த ஹேனமுல்லை என்னும் சிற்றூரில் 1922ஆம் ஆண்டு பிறந்தவர் ம.மு. உவைஸ். சுற்றிலும் சிங்களம் வழங்கும் ஊர், வீட்டிலோ தமிழ். 1940களின் நடுவில் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சேரச் சென்றபொழுது, அங்குத் தமிழ்ப் பேராசிரியராயிருந்த சுவாமி விபுலானந்தர் அவரை நேர்கண்டார். தமிழுக்குத் தொண்டாற்றிய முஸ்லிம் புலவர்களைப் பற்றி வினவினார். இளைஞருக்குத் தெரிந்திருந்தது உமறுப்புலவர் என்னும் ஒரே பெயர். விபுலானந்தர் அதற்காக அவரை இகழ்ந்தாரல்லர். இன்னும் பலர் உளர் என்று உணர்த்தித் தமிழ் பயிலுமாறு ஆற்றுப்படுத்தினார். துறவி ஒருவர், முஸ்லிம் மாணவர் ஒருவரை, அவர்தம் முன்னோரின் இலக்கியத்தின்பாற் செலுத்திய இந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பு மேலிடுகின்றது.

அந்தப் பலர் யாவர் என்று தேடுவதே உவைஸின் முதுகலை ஆய்வாயிற்று. அது எளிய பணியன்று. அந்நாளைய இலக்கிய வரலாறுகள் சீறாவை ஒரு பத்தியிற் குறித்துவிட்டு அப்பாற் செல்வன. கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, படைப்போர், நாமா எனத் தமிழுக்குப் புதியனவாய் வந்த வகைகளைச் சேர்ந்த நூல்களோ நூலகங்களில் அரிதாகவே கிடைத்தன. பல இல்லங்களின் பரண்களில் மட்கின. சில அரபுத்தமிழ் எழுத்தில் இருந்தமையால் தமிழ் கற்றோர்க்கும் எட்டாதன. 1572இல் இயற்றப்பட்ட ஆயிரமசலா, உமறுவுக்கு முன்னரே முஸ்லிம் புலவர் மரபு தழைத்திருந்தமைக்குச் சான்று. இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கிய அவ்வாய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, 1953இல் நூலாயிற்று. தமிழிலக்கியத்திற்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு என்பது அதன் பொருள். பட்டம் பெற்றவுடன் அலமாரியில் உறங்கப் போகும் ஏடுகளையே நாம் மிகுதியாகக் கண்டிருக்கின்றோம். இவ்வேடு ஒரு துறைக்கே கால்கோளாயிற்று.

பின்னர்க் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியப் பணி புரிந்தார். சிங்களப் புலமையும் வீண்போகவில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் கம்பெரலிய புதினத்தைக் கிராமப் பிறழ்வு என்று தமிழாக்கினார். முஸ்லிம் காப்பியங்களை ஆய்ந்து கலாநிதிப் பட்டமும் பெற்றார். எனினும் முதல் ஆய்வில் தொட்ட பொருளை விட்டு அவர் விலகியதேயில்லை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியத்திற்கென இருக்கை அமைந்தபொழுது, அதன் பேராசிரியராக அவர் அழைக்கப்பெற்றார். 1990இல் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றும்வரை இக்கரிசற் பகுதிக் கல்லூரிகள் மதுரையின் கீழேயே இருந்தன. ஆகவே உமறுவின் பெயரை மட்டும் அறிந்து புறப்பட்டவர், உமறுவின் நாட்டு மாணவர் பட்டம் பெறும் பல்கலைக்கழகத்திற்கே ஆசானாக வந்து சேர்ந்தார் எனலாம். அங்கே பி.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதலானார். நேர்காணலன்று ஒரு பெயரோடு நின்றுவிட்ட விடை, அத்தொகுதிகளில் நூற்றுக்கணக்கான புலவர்களாக விரிந்தது. 1996இல் அவர் மறையும்வரை அப்பணி ஓயவில்லை.