சுவர்களும் உண்ணட்டும் என்று விரும்பியவர்

நத்தார் நெருங்கியதும் எமது கோவில்களிலும் வீடுகளிலும் பாலன் குடில் எழும்புகின்றது. குடில் என்றதும் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் நினைவுக்கு வருகின்றார். அந்த நாளின் சாப்பாட்டைப் பற்றியும் அவர் மிகத் தீர்மானமான எண்ணங்கள் கொண்டிருந்தார் என்பதை அறிந்தவர்கள் குறைவு.

இத்தாலியின் நடுப்பகுதியிலுள்ள அசிசியில் 1181 அல்லது 1182ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். தந்தை பியேத்ரோ பெர்னர்தோனே துணி வியாபாரி. கையில் தாராளமாகப் பணம் புழங்கியதால், தோழர்களுக்கு விருந்து வைப்பதிலும் இரவிரவாகப் பாடித் திரிவதிலும் இளமை கழிந்தது. 1202இல் பெரூஜியா நகரத்தாருடன் நடந்த போரில் பிடிபட்டு, ஏறக்குறைய ஓராண்டு சிறையிருந்தார். பின்னர் மனம் மாறி, 1206இல் ஆயர் முன்னிலையில் தாம் உடுத்திருந்த ஆடைகளையும் தந்தையிடமே திருப்பிக் கொடுத்தார். விருந்து வைத்தவர் வீடு வீடாக இரந்துண்ணப் புறப்பட்டார். பல வீட்டு மிச்சங்கள் ஒரே கலத்தில் கலந்து கிடந்ததைக் கண்டபோது முதலில் அவருக்குக் குமட்டியது. வலிந்து உண்டார், பின்பு அதுவே இனித்தது.

1209இல் பாப்பரசர் மூன்றாம் இன்னசென்ட் அவரது சிறு கூட்டத்தின் வாழ்க்கைமுறைக்கு வாய்மொழியாக இசைவளித்தார். அன்றுதொட்டு அவரது வாழ்வு பெரும்பாலும் ஒருசந்தியும் சுத்தபோசனமுந்தான். சமைத்த உணவை அவர் உண்டதே அரிது. உண்ண நேர்ந்தாலும் சாம்பலையோ குளிர்ந்த நீரையோ கலந்து அதன் சுவையைக் கெடுத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவரிடந்தான் ஒருமுறை சகோதரர்கள் ஓர் ஐயத்தைக் கொண்டுவந்தார்கள். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழா வெள்ளிக்கிழமையில் வந்தது. இறைச்சி உண்ணலாமா, கூடாதா? மொரிக்கோ என்னும் சகோதரர் கூடாது என்றார். பிரான்சிஸ் அவரைக் கடிந்துகொண்டார். பாலன் எமக்காகப் பிறந்த நாளை வெள்ளி என்று அழைப்பதே பாவம் என்றார். அன்று சுவர்கள்கூட இறைச்சி உண்ண வேண்டும், அவற்றால் இயலாதென்றால் வெளியிலாவது இறைச்சியைப் பூசிவிட வேண்டும் என்றார். (பெருவிழாவன்று வரும் வெள்ளியில் சுத்தபோசனக் கடமை இல்லையென்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு கூறுகின்றது. அவருக்கு இது மகிழ்ச்சி தந்திருக்கும்.)

சுவர்களுக்கே விருந்து கேட்டவர் உயிருள்ளவற்றை மறப்பாரா? செல்வர்கள் அன்று ஏழைகளை வயிறார உண்பிக்க வேண்டும். எருதுக்கும் கழுதைக்கும் வழக்கத்துக்கு மேலாகத் தீனியும் வைக்கோலும் போட வேண்டும் என்று அவர் விரும்பினார். பேரரசரைக் காணும் வாய்ப்புக் கிட்டினால், இயன்றவர் எல்லாரும் வழிகளில் தானியம் தூவ வேண்டுமெனச் சட்டம் செய்யும்படி கேட்பேன் என்பார். பறவைகளுக்கு, சிறப்பாக அவர் மிக நேசித்த வானம்பாடிகளுக்கு, அந்த நாளில் குறைவிருக்கக் கூடாது. மார்கழிக் குளிரில் வயல்கள் உறைந்து கிடக்கும் நாட்டில் இது வேடிக்கைப் பேச்சன்று. இன்றும் நோர்வே நாட்டார் நத்தாருக்குக் கதிர்க்கட்டொன்றைப் பறவைகளுக்காகக் கட்டி வைக்கின்றனர். போலந்தின் கிராமங்களில் விழா அப்பத்தை மாடுகளுக்கும் பகிர்ந்துகொடுக்கும் வழக்கம் உண்டு. அவ்விரவில் விலங்குகள் பேசும் என்று அங்கு பாட்டிமார் கதை சொல்வார்கள்.

1223இல் கிரேச்சோ என்னும் மலையூரில் அவர் கொண்டாடிய நத்தார் யாவரும் அறிந்ததே. அவ்வூர்ப் பிரபு ஜொவான்னி, அவரது வேண்டுகோளின்படி தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஆயத்தஞ் செய்து, எருதையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். ஊரார் தீவட்டிகளோடு வந்தார்கள். தொட்டியின்மேல் திருப்பலி நிகழ்ந்தது. தியாக்கோனாயிருந்த பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடிப் பிரசங்கித்தார். பெத்லெகேமின் பாலன் என்று சொல்லும்போதெல்லாம், தேன் பட்டதுபோல உதட்டை நக்கிக்கொண்டாராம். பெத்லெகேம் என்றால் அப்பத்தின் வீடு என்றே பொருள். அந்த வைக்கோலை மக்கள் பின்னர் எடுத்துவைத்து, நோயுற்ற மாடுகளுக்குத் தின்னக் கொடுத்தார்கள். பேறுகால வேதனைப்பட்ட பெண்கள்மீதும் வைத்தார்கள். சுகம் கிடைத்ததென்று நம்பினார்கள்.

எனினும் அவரது விழா மகிழ்ச்சியில் கண்ணீரும் கலந்திருந்தது. ஒருநாள் பந்தியில் ஒரு சகோதரர், பாலனைப் பெற்ற நாளில் தேவதாய் பட்ட வறுமையை எடுத்துரைத்தார். பிரான்சிஸ் விம்மியபடி எழுந்து, மீதிப் பாணை வெறுந்தரையில் இருந்து உண்டார்.

1226இல் மரணப் படுக்கையில் கிடந்தபோது அவர் விரும்பிக் கேட்ட உணவு ஒன்றே. உரோமையில் யாக்கோபா என்னும் சீமாட்டி வாதுமைப் பருப்போடு தேனும் பிறவும் சேர்த்து ஒரு பலகாரம் செய்து முன்பு அவருக்குக் கொடுப்பதுண்டு. அவருக்குக் கடிதம் எழுதினார்கள். ஆள் புறப்படுமுன்னரே அவர் பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்றார்; பலகாரத்துக்கு வேண்டிய பொருள்களும் சாம்பல்நிறத் துணியும் மெழுகும் கையோடு இருந்தன. பெண்கள் உட்புகக் கூடாதென்பது விதி. பிரான்சிஸ் அவரைச் சகோதரர் யாக்கோபா என்றே அழைப்பவராதலால், அந்த விதி இவருக்கில்லை என்றார்.

பலகாரம் செய்தாயிற்று. நோயாளியால் சிறிதளவே சுவைக்க முடிந்தது. மீதியைப் பார்த்ததும், தம்மோடு முதலில் சேர்ந்த சகோதரர் பெர்னர்துக்கு இது பிடிக்குமே என்று நினைவுகூர்ந்து, அவரை அழைத்து உண்ணச் செய்தார்.

ஒக்டோபர் 3ஆம் திகதி மாலை அவர் இறந்தார். அவ்வேளை வானம்பாடிகள் கூட்டமாக வந்து கூரையைச் சுற்றிப் பாடினவென்று உடனிருந்தவர்கள் கூறினர். யாக்கோபாவின் கல்லறையும் அசிசிப் பேராலயத்தில் அவர் கல்லறைக்கு அண்மையிலேயே உள்ளது. அவர் செய்த பலகாரத்தின் பெயர் மொஸ்தச்சோலி. அதே பெயரில் தென் இத்தாலியில் நத்தாருக்கு இன்றும் ஒரு பலகாரம் சுடுகிறார்கள்.