இறைச்சி தின்ற நாய்க்கு வெறி ஏன்? பாவ்லோவ் கண்ட உண்மை

மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டியவர் பாவ்லோவ். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால், ஈரல் கெட்டால் மூளை ஏன் கலங்குகிறது என்ற கேள்விக்கு வழி திறந்தவர்களில் அவரும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது.

இவான் பாவ்லோவ் 1849-ம் ஆண்டு ரஷியாவில் ரியாசான் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பாதிரியார். மகனையும் பாதிரியார் ஆக்க வேதப் பள்ளியில் சேர்த்தார்கள். அவரோ 1870-ல் பீட்டர்ஸ்பர்க் போய் விஞ்ஞானம் படித்தார். பிறகு வைத்தியமும் படித்துத் தேறினார்.

1881-ல் கல்யாணம் நடந்தது. குடும்பம் நடத்தப் பணம் இல்லை. அவர் நிலையைப் பார்த்த மாணவர்கள், சொற்பொழிவுக் கட்டணம் என்று சாக்குச் சொல்லிப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் அவர் ஆராய்ச்சிக்குப் பிராணிகள் வாங்கிவிட்டார்! வீட்டில் என்ன பதில் சொன்னாரோ.

ஓடிப்போன நாய்

குடலில் இருந்து வரும் ரத்தம் நேரே இருதயத்துக்குப் போவதில்லை. முதலில் ஈரலுக்குள் நுழைந்துதான் போகும். இந்தப் பாதையை மாற்றிவிட்டால் என்ன ஆகும்?

எக் என்ற ரஷிய ராணுவ டாக்டர் 1877-ல் இதைச் செய்து பார்த்தார். ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாயைப் பெரிய ரத்தக் குழாயுடன் இணைத்துத் தைத்தார். எட்டு நாய்களில் ஏழு செத்தன. பிழைத்த ஒன்றும் இரண்டரை மாதத்தில் ஓடிப்போய்விட்டது! ஆராய்ச்சி அத்தோடு நின்றது.

அதை மீண்டும் கையில் எடுத்தவர் பாவ்லோவ். இரண்டு கையாலும் லாவகமாக ஆபரேஷன் செய்யக் கூடியவர் அவர். ரசாயன நிபுணர் நென்ஸ்கியும் வேறு இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

சாது வெறியானது

பிழைத்த நாய்களைக் கவனித்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. சாதுவாக இருந்தவை முரடாகி, பக்கத்தில் வந்தவர்களைக் கடிக்கப் பாய்ந்தன. இறைச்சி போட்டால் நிலைமை மோசமாகும். கால் தள்ளாடும். கண் தெரியாமல் போகும். வலிப்பு வந்து, நினைவு இழந்து சாகும். சில நாய்கள் இறைச்சியைத் தொடவே மறுத்தன. பட்ட பாடு அவற்றுக்குத் தெரிந்திருந்தது போலும்.

காரணம் அம்மோனியா சம்பந்தப்பட்ட விஷம் என்று 1893-ல் நால்வரும் எழுதினார்கள். புரதம் உடலில் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. ஈரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற வழி செய்கிறது. ஈரலைத் தாண்டிப் போன ரத்தம் அந்த விஷத்தோடு மூளைக்கு ஏறிவிடுகிறது. அம்மோனியாவோடு வேறு காரணங்களும் சேர்வதாக இன்று தெரிகிறது.

ஈரல் சுருங்கிய நோயாளி இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்குவதும், உளறுவதும், கை நடுங்குவதும் இதனால்தான். வீட்டார் பைத்தியம் என்று நினைத்துவிடுவது உண்டு. 1966-ல் இந்த நோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்த லாக்டுலோஸ் சிரப், மலத்தை இளக்கி அம்மோனியாவைக் குறைக்கிறது. ஒரு காலத்தில் பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தினார்கள். இப்போது அப்படிச் செய்வதில்லை. தசை கரைந்தால் அம்மோனியா இன்னும் கூடும்.

பாவ்லோவுக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது. அது ஜீரண ஆராய்ச்சிக்காக. 1935-ல் லெனின்கிராடு ஆராய்ச்சி நிலையத் தோட்டத்தில், அவர் விருப்பப்படி, ஒரு நாய்க்குச் சிலை வைத்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரி 27-ந்தேதி, 86-வது வயதில், அவர் அதே நகரில் காலமானார்.